செய்தி அறையில் இல்லாதவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இந்திய மொழி நாளிதழ்களின் வளர்ச்சியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ராபின் ஜெஃப்ரி, தமிழ் உட்படப் பல மொழிப் பத்திரிகை அலுவலகங்களுக்கு நேரில் சென்றவர். பெரிய நாளிதழ்களில் ஒரு தலித் ஆசிரியரையோ செய்தியாளரையோ தம்மால் காண முடியவில்லை என்று பதிவு செய்த அவர், 2012இல் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவிலும் நிலைமை ஏறக்குறைய அப்படியே இருப்பதாகச் சொன்னார். இடையே, 2006இல் அரசியல் ஆய்வாளர் யோகேந்திர யாதவ் உள்ளிட்ட மூவர், டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். அவர்களுள் தலித்தோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

இதன் விளைவு எங்கள் ஊர் நூலக மேசை வரை வந்து சேர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து ஊர்த் திருவிழாவின்போது ஒரு கும்பல் தலித் குடியிருப்புக்குள் புகுந்து ஓடுகளை உடைத்து, இருசக்கர வண்டிகளைக் கொளுத்தியது. மறுநாள் ஒரு நாளிதழ், 'இரு தரப்பினர் மோதல். போலீஸ் குவிப்பு' என்று நான்கு வரிகளில் அதை முடித்துக்கொண்டது. அந்தத் தெருவைச் சேர்ந்த, என்னிடம் படித்த மாணவன் அந்த வரிகளின்மேல் விரலை வைத்து, "நாங்க எப்ப சார் மோதினோம்?" என்று கேட்டான். அந்தத் தெருவை அறிந்த ஒருவர் செய்தி மேசையில் இருந்திருந்தால் அந்தத் தலைப்பு அச்சேறியிராது என்றே இன்றும் நினைக்கிறேன்.

தலித்துகளில் எழுத ஆளில்லை என்பதை ஏற்க இயலாது. தலித் தலைவர்களான ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கி நடத்திய சென்னை இது.

ஜெஃப்ரி எடுத்துக்காட்டிய அமெரிக்க அனுபவம் நமக்கு உதவும். அங்கே 1978இல் செய்தி அறைகளில் கறுப்பினத்தவர் முதலிய இனச் சிறுபான்மையினர் சுமார் 4 விழுக்காடே இருந்தனர். செய்தித்தாள் ஆசிரியர்கள் சங்கம் அதை உயர்த்த ஓர் இலக்கு வகுத்து, ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிட்டது. குறித்த 2000ஆம் ஆண்டுக்குள் இலக்கை எட்டவில்லை எனினும், அவர்கள் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டியது.

தங்கள் நாளிதழும், ஊழியர்கள் விரும்பித் தரும் விவரங்களைக் கொண்டு, பெயரின்றி அத்தகைய கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டுகிறேன். பகுதிநேர நிருபர்களிடம் விளம்பரம் பிடித்துத் தரச் சொல்லும் வழக்கம் எங்கிருந்தாலும் கைவிடப்பட வேண்டும். ஊரின் செல்வாக்குள்ளவர்களிடம் விளம்பரத்துக்காகக் கைகட்டி நிற்பவரால் அவர்களுக்கு எதிரான செய்தியை எப்படி எழுத முடியும்? உதவித்தொகையுடன் கூடிய பயிற்சி இடங்களைத் தாங்கள் அறிவித்தால், விண்ணப்பிக்கத் தகுதியுள்ள பழைய மாணவர்களை நானே அனுப்பி வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்