திருமுழுக்கும் ஞானஸ்நானமும் ஒன்றே என்று எழுதிக் கொடுங்கள்

தமிழகக் கத்தோலிக்க ஆயர்களுக்கும், தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபைப் பேராயர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியவர்களே,

உங்களை எப்படி விளிப்பது என்பதிலேயே நம் நிலை தெரிகிறது. கத்தோலிக்கர் 'ஆயர்' என்று சொல்லும் பொறுப்பை தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யில் 'பேராயர்' என்கிறோம். அவர்களுக்கோ பேராயர் என்றால் உயர்மறைமாவட்டத்தின் தலைவர். யாரையும் குறைத்து அழைக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த சி.எஸ்.ஐ.க்காரன். "நீங்க ஆர்.சி.யா, கிறிஸ்டியனா?" என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்தேன். பள்ளியில் கேட்டார்கள், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் கேட்டார்கள். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) என்றால் கிறிஸ்தவர் இல்லை என்பதுபோல அந்தக் கேள்வி அமைந்திருக்கிறது என்று எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. என் தங்கையின் கல்யாணத்தில்தான் உறைத்தது.

அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை கத்தோலிக்கர். இரு வீட்டாருக்கும் சம்மதம். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டுமே என்று சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் பங்குக் கோயிலுக்குப் போனோம். எங்கள் சபை கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு (ஞானஸ்நானத்தை அவர்கள் திருமுழுக்கு என்பார்கள்), "இது இங்கே செல்லாது, பொண்ணு புதுசா திருமுழுக்கு எடுக்கணும்" என்றார்கள். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், எதையும் வாதாடிப் பார்க்கிறவர். அன்று ஒன்றும் பேசவில்லை. தங்கையைக் கைக்குழந்தையாகத் தொட்டியருகே தூக்கிக்கொண்டு நின்றவர் அவர். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று ஐயர் (எங்கள் போதகர்) தண்ணீர் ஊற்றியதைக் கண்ணால் பார்த்தவர். நாள் குறித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. தங்கை மறுபடியும் தலை குனிந்தாள். வீடு திரும்பும்போது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்போ நான் செஞ்சது என்னடே?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கத்தோலிக்கச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன். பதில் அதில் தெளிவாகவே இருக்கிறது. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 869ஆம் பிரிவு சொல்வது இது: கத்தோலிக்கர் அல்லாத சபையில் திருமுழுக்குப் பெற்றவருக்கு மறுபடி கொடுக்கக் கூடாது, முதலாவது செல்லுமா என்று கனமான ஐயம் இருந்து, விசாரித்தும் அது தீராவிட்டால் மட்டுமே நிபந்தனையோடு கொடுக்கலாம். எங்களை யாரும் விசாரிக்கவில்லை. அப்படி மறுபடி எடுத்தால்தான் திருமணம் என்றும் சட்டம் சொல்லவில்லை. திருமுழுக்குப் பெற்ற இரு சபையாரின் கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது.

இது நேற்று வந்த தாராளமும் அல்ல. லூத்தரின் சீர்திருத்த வழியில் பிரிந்தவர்களோடு மோதல் கொதித்துக்கொண்டிருந்த 1547இலேயே கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் இதை முடிவு செய்துவிட்டது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவொரு கடவுளின் பெயரால், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு, தப்பறைக்காரர் (தவறான போதனையைப் பின்பற்றுகிறவர்) கொடுத்தாலும் அது மெய்யான திருமுழுக்கே என்றது. அதற்கும் முன்னால், மூன்றாம் நூற்றாண்டில், இதே கேள்விக்காகத்தான் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானும் ரோமின் ஆயர் ஸ்தேவானும் மோதினார்கள். மறுபடி கொடுக்க வேண்டாம் என்ற ஸ்தேவானின் பக்கமே மேற்குத் திருச்சபை நின்றது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், முறைப்படி திருமுழுக்குப் பெற்ற பிற சபையாரைக் கிறிஸ்தவர் என்று அழைக்கும் உரிமை உடையவர்கள் என்றும், ஆண்டவரில் சகோதரர்கள் என்றும் எழுதிவைத்தது. பங்கு அலுவலக மேசைக்கு இவற்றில் எதுவும் வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஆர்.சி. வீட்டிலிருந்து எங்கள் உறவுக்குள் மருமகளாக வந்த ஒரு பெண்ணை, "இவள் இனிமேல்தான் ரட்சிக்கப்படணும்" என்று கூடத்தில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டிருக்கிறேன். மாதா படத்தைச் சுவரிலிருந்து எடுத்த பிறகே அவள் சமைத்ததைச் சாப்பிட்டவர்களும் உண்டு. நம் மொழியிலேயே பழைய சண்டையின் தழும்பு இருக்கிறது. தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்துக் கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர் நூல்கள் எழுதினார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. இன்றும் ஒரே நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது நாங்கள் "பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை" என்கிறோம், கத்தோலிக்கர் "புனித, கத்தோலிக்க திருச்சபை" என்கிறார்கள். மூலத்தில் இருப்பது கிரேக்கத்திலிருந்து வந்த ஒரே சொல், 'பொதுவான' என்பது அதன் பொருள். ஒரு வீட்டார் அதை மொழிபெயர்த்தார்கள், இன்னொரு வீட்டார் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இதை என் அப்பாவிடம் சொன்னபோது வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. திருத்தந்தையின் அதிகாரம், மாதா பக்தி, புனிதர்களிடம் மன்றாடுவது, நற்கருணை பற்றிய போதனை, விவிலியத்தில் கத்தோலிக்கருக்கு 73 நூல், எங்களுக்கு 66 நூல் - இவை உண்மையான வேறுபாடுகள். நற்கருணைப் பந்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இந்த மடலில் நான் கேட்கவும் இல்லை. ஆனால் சீர்திருத்தம் வெடித்ததற்கு நடுவான காரணமான 'நீதிமானாக்கப்படுதல்' (மனிதர் கடவுள்முன் நீதிமானாக ஏற்கப்படுவது) பற்றியே கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கூடி உழைப்பது தமிழருக்கும் புதிதல்ல: 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

பட்டியலினக் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையும் ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்று பிரித்துப் பார்க்கவில்லை. அந்த அநீதியை எதிர்த்து, ஆணை வந்த நாளான ஆகஸ்டு 10 அன்று கறுப்பு நாளுக்கு ஒன்றாக நிற்கிறவர்கள், ஒரு பெண்ணின் ஓலை வாசிப்பில் அந்நியராகிவிடுவது எனக்குத் தாங்கவில்லை.

ஜெர்மனியில் 2007 ஏப்ரல் 29 அன்று மக்தபுர்க் பேராலயத்தில் 11 திருச்சபைகள், ஒன்றின் திருமுழுக்கை மற்றொன்று ஏற்பதாகக் கையெழுத்திட்டன. கத்தோலிக்கர், லுத்தரன் மரபினர், ஆர்த்தடாக்ஸ் மரபினர் எல்லாரும் அதில் உண்டு. விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்று கொள்ளும் பாப்டிஸ்டுகள் சேரவில்லை. நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபைகளும் அப்படித்தான் சொல்வார்கள். அது அவர்களின் மனசாட்சி, அதை மதிக்கிறேன். ஆனால் உங்களுக்குள் அந்தத் தடை இல்லையே. நீங்கள் அனைவரும் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள், அதே திருப்பெயரால் கொடுக்கிறீர்கள்.

ஆகவே நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். உங்கள் சபைகளில் தண்ணீராலும் மூவொரு கடவுளின் பெயராலும் கொடுக்கப்பட்ட திருமுழுக்கு ஒருவருக்கொருவர் செல்லும், மறுபடி கொடுக்கக் கூடாது என்று தமிழில் எழுதி, எல்லாரும் கையெழுத்திடுங்கள். அதை ஒவ்வொரு பங்கு அலுவலகத்திலும் சேகர அலுவலகத்திலும், ஓலை எழுதிக் கொடுக்கும் மேசைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். குருமடங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும், உபதேசியார் பயிற்சியிலும் அதைச் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம். வருகிற ஜனவரியிலேயே இதற்கு ஒரு நாளை ஒதுக்கலாம்.

தங்கையிடம் இப்போது இரண்டு சான்றிதழ்கள் இருக்கின்றன, தேதிகளுக்கிடையே 26 ஆண்டு இடைவெளி. உங்கள் கூட்டத்தில் பார்வைக்கு வைக்க வேண்டுமென்றால் இரண்டின் நகலையும் நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார்.

ஆண்டவரில் உங்கள்,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சபையான்