செவ்வாய்க்கிழமை மட்டும் கொடுக்க வேண்டிய குளிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் புற்றுநோய் என்றதும் நம் நினைவுக்கு வருபவை மகரகம புற்றுநோய் வைத்தியசாலையும் ஊசி மருந்துகளும்தான். ஆனால் சிறுவரிடையே கூடுதலாகக் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயில், தீவிர சிகிச்சைக் கட்டம் முடிந்த பின், ஓராண்டுக்கும் மேலாக மருந்து கொடுக்கும் பொறுப்பு வீட்டிலுள்ள தாயிடமோ அம்மம்மாவிடமோதான் வந்து சேருகிறது.

வீட்டில் கொடுக்கும் இரு மருந்துகளில் மெர்காப்டோபியூரின் நாள்தோறும், மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் (உதாரணமாக, செவ்வாய்க்கிழமை) என்பதே வழக்கமான ஒழுங்கு. இரண்டாவதைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் வாய்ப்புண்ணில் தொடங்கி, இரத்தம் உருவாகும் எலும்பு மச்சை செயலிழந்து, உயிரே போகலாம். முதலாவதை விட்டுவிட்டுக் கொடுத்தாலும் ஆபத்துத்தான்: கொடுக்க வேண்டியதில் 95 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்த பிள்ளைகளிடம் நோய் மீள்வது கூடுதலாக இருந்ததை 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பிள்ளை ஓடியாடித் திரியும் காலம் அது என்பதால், "சுகமாகத்தானே இருக்கிறான்" என்று குளிசை விடுபடுவதும் அப்போதுதான். போதாததற்கு, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அளவு அடிக்கடி மாற்றப்படுகிறது. பழைய சிட்டையை நம்பிக் கொடுப்பவர் பிழைவிடுவார்.

மருந்தாளராகப் பணியாற்றிய காலத்தில் நான் கண்டது என்னவென்றால், இவ்வளவும் வீடு திரும்பும் அவசரத்தில், மருந்து கொடுக்கும் யன்னலில் வைத்தே சொல்லப்படுகிறது. மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்த தாய்க்கு, சிங்களம் தெரிந்த இன்னொரு நோயாளியின் உறவினரே மொழிபெயர்க்கிறார். (தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது 1987 இல்.)

விளங்கியதா என்று கேட்டால் எந்தத் தாயும் தலையாட்டத்தான் செய்வார். அதற்குப் பதிலாக, எந்த நாளில் எந்தக் குளிசை, எத்தனை என்று அவரையே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பாணி மருந்தானால், தேக்கரண்டியை விட்டு, அளவு குறித்த சிரிஞ்சில் எடுத்துக் காட்டச் செய்ய வேண்டும். பிள்ளை சத்தி எடுத்தால் தாமாக மறுபடியும் கொடுக்காமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும், குளிசையைக் கையுறை அணிந்தே எடுக்க வேண்டும், சமையலறை உரலில் இடிக்கக் கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்பவற்றையும் அங்கேயே சொல்லலாம்.

இதற்குப் பெரிய செலவில்லை. தமிழ் பேசும் தாதியர் ஒருவரை இந்தப் பிள்ளைகளுக்கான கிளினிக் நாளில் அமர்த்துவதும், கடதாசி உறையின் மேல் "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று தமிழில் பதிக்க இறப்பர் முத்திரை செய்துகொடுப்பதும் சுகாதார அமைச்சு இந்த மாதமே செய்யக்கூடியவை.

ஓய்வுபெற்ற மருந்தாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு-06.