குரோமார்ட்டி, ஸ்காட்லாந்து: நம் ஊர் மரபுக் குழுவின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், இந்த வாடைக்காற்றிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாக விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. பொதுக்குழுவுக்கு ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

கோடையில் நடத்திய ஊர்ச் சுற்று, மழை பிடித்துக்கொண்டதால் பாதிப்பேரோடுதான் முடிந்தது. மீனவர் தெருச் சந்துகளில் தொடங்கி, 1773-இல் கட்டிய நீதிமன்றக் கட்டடம் வழியாக மேட்டிலுள்ள கேலிக் தேவாலயம் வரை போனோம். நீதிமன்றமும் தேவாலயமும் அன்றைய நிலக்கிழார் ஜார்ஜ் ராஸ் கட்டியவை. சணல் ஆலை தொடங்கியவரும் அவரே. ஆலை வேலைக்கு மலைநாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கேலிக் தவிர வேறு மொழி தெரியாது என்று தனியாக ஒரு கோயில் எழுப்பினார். பிழைக்க வந்தவர்களின் மொழிக்கும் கூரை போட்டுக் கொடுத்த மனிதர். அந்தக் கூரைதான் இப்போது இல்லை, சுவர்கள் நிற்கின்றன.

புலம்பெயர்ந்தோர் நினைவுக் கல்லருகே சற்று நேரம் நின்றோம். 1831-இல் ‘கிளியோபாட்ரா’ கப்பல் நம் கரையைக் கடந்து கனடாவுக்குப் போனதை ஹியூ மில்லர் எழுதியிருக்கிறார். கரையிலிருந்து ஆரவாரம் செய்தார்களாம். கப்பலிலிருந்து வந்த பதில் குரல், அலையோசையில் கலந்து ஒப்பாரியாகக் கேட்டதாம்.

மில்லரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1802-இல் இங்கே பிறந்தவர்; பதினேழு வயதில் உளி பிடித்த கல்தச்சர்; செம்மணற்கல்லில் மீன் புதைபடிவங்களைக் கண்டெடுத்தவர். சுற்றுலாப் பயணிகள் அவருடைய கூரை வேய்ந்த வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். செயின்ட் ரெகுலஸ் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறிப் போகிறவர்கள் குறைவு. சின்ன வயதிலேயே இறந்த மகள் எலைசாவுக்கு அவர் தம் கையால் வெட்டிய கல் அங்கே இருக்கிறது. அதன்பின் அவர் கல்லறைக் கல் எதுவும் வெட்டவில்லை.

இலையுதிர் காலத்தில் அங்கே புல் வெட்டப் போனபோது, ஒரு பழைய கல்லில் பாசி தேய்க்க உறுப்பினர் ஒருவர் கம்பித் தூரிகையை எடுத்தார். கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். வருத்தம்தான். ஆனால் மணற்கல்லில் கம்பி பட்டால் பாசியோடு எழுத்தும் உதிர்ந்துவிடும். யாருடைய கல்லிலும் கை வைக்குமுன் கேளுங்கள் என்று செயற்குழு தீர்மானமே போட்டிருக்கிறது.

இனி, என் மனதை உறுத்தும் விஷயம். 2012 குளிர்காலப் புயல் கடற்கரையை அரித்து, மண்ணுக்குள் கிடந்த இடைக்கால ஊரை வெளியே காட்டியது. அடுத்த ஆண்டே ஊரார் அகழாய்வில் இறங்கினார்கள். அதே 2012 அக்டோபரில்தான் நம் மீனவர் பேச்சை இயல்பாகப் பேசிய கடைசி மனிதர் பாபி ஹாக், 92 வயதில் காலமானார். ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் ‘ஹ’வை விழுங்கிவிட்டு, இல்லாத இடத்தில் கொண்டுவந்து ஒட்டும் பேச்சு அது. மற்றவர்கள் ‘யூ’ என்ற இடத்தில் ‘தௌ’, ‘தீ’ என்பார்கள். புதைந்த சுவரைத் தோண்டி எடுக்க முடிந்தது. பேச்சை எங்கே தோண்டுவது?

ஜனவரிக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பரணிலிருந்து தம் பாட்டியின் ஒலிநாடாவைக் கொண்டுவந்தார். கெண்டி கொதிக்கும் சத்தம், நடுவில் பாட்டி யாரையோ திட்டுகிறார். திட்டு என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் கருவி நாடாவைத் தின்றுவிட்டது. பென்சிலால் சுற்றி மீட்டெடுத்தோம். மறுபடி போட எனக்குத் துணிவில்லை.

வீடுகளில் இன்னும் இப்படி நாடாக்கள் இருக்கும். வரும் ஆண்டில் அவற்றைச் சேகரித்துக் கணினியில் ஏற்றுவதே முதல் வேலை என்று முன்மொழிகிறேன். ஒழுங்காக ஓடுகிற டேப் ரிக்கார்டர் யாரிடமாவது இருந்தால், தேநீர் இடைவேளையில் என்னைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்