இரும்புக் கம்பி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வெள்ளம் வடிந்த பகுதியில் பாலங்கள், சாலைகள், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றின் சேதத்தை மதிப்பிடும் குழுவில் உன்னைச் சேர்த்திருப்பதாகவும், முதல் வாரத்திலேயே நாற்பது இடங்களைப் பார்த்து முடிக்கச் சொல்லியிருப்பதாகவும் நீ எழுதியதைப் படித்தேன். ஒரு நாளில் எத்தனை இடங்களைப் பார்ப்பது சரியாக இருக்கும் என்று கேட்டிருந்தாய். அது இடத்தைப் பொறுத்தது. அதை நீயே இரண்டு மூன்று நாளில் கண்டுகொள்வாய். இதே வேலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் நான் சொல்ல நினைப்பது வேறு ஒன்று.

நீ ஏழாம் வகுப்பில் படித்தபோது நான் ஒரு வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கலாம். காரணத்தை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அந்த ஆண்டு வெள்ளம் வடிந்த இரண்டாம் நாள் நான் ஒரு பாலத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மேல்தளத்தில் புதிய விரிசல் இல்லை, கைப்பிடிச் சுவர் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது, தூண்களைச் சுற்றி மணல் சமமாகப் படிந்திருந்தது. "பாதிப்பில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஐந்தாம் நாள் அதிகாலையில் நடுத்தூண் ஒரு பக்கமாக இறங்கி, மேல்தளம் மடிந்து விழுந்தது. அந்த நேரத்தில் பாலத்தின்மேல் யாரும் இல்லை என்பதைக் கேட்ட பிறகுதான் என்னால் உட்கார முடிந்தது.

நடந்தது இதுதான். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது, தூணில் மோதித் திரும்பும் நீர் அதன் அடியைச் சுற்றிச் சுழன்று குழி பறிக்கிறது. வேகம் தணியும்போது அதே நீர் சுமந்துவந்த மணலும் வண்டலும் அந்தக் குழியிலேயே படிந்து அதை மூடிவிடுகின்றன. கரையில் நிற்பவர் கண்ணுக்கு ஆற்றுப்படுகை எப்போதும்போலத் தெரியும், ஆனால் அஸ்திவாரத்தைச் சுற்றி இருப்பது பிடிமானம் இல்லாத புதுமண். இது எனக்குத் தெரியாததல்ல, படித்ததுதான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் குறுக்கே இருந்த நெடுஞ்சாலைப் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று வெள்ளத்தில் இடிந்து 10 பேர் இறந்ததற்கும் தூணடி அரிப்பே காரணம். அந்தப் பாலத்தையும் ஆய்வாளர்கள் வழக்கப்படி பார்த்துத்தான் வந்தார்கள். நீருக்கடியில் இருந்த அஸ்திவாரத்தை மட்டும் எவரும் இறங்கிப் பார்த்திருக்கவில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும், அன்று மாலைக்குள் இன்னும் மூன்று இடங்கள் இருந்ததால் நான் கரையிலிருந்தே திரும்பிவிட்டேன்.

கண்ணா, நான் எழுதிய வரியில் பொய் எதுவும் இல்லை. நான் பார்த்த இடங்களில் பாதிப்பு இல்லைதான். "மேல்தளம், கைப்பிடிச் சுவர், தூண்களின் வெளியே தெரியும் பகுதி ஆகியவற்றை மட்டும் பார்த்தேன், அஸ்திவாரத்தைச் சோதிக்கவில்லை" என்று இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தால், மேலதிகாரிகள் பாலத்தைத் திறக்காமல் நிறுத்தி வைத்திருப்பார்கள். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. உன் படிவத்திலும் இருக்காது என்றே நினைக்கிறேன். ஓரத்தில் எழுது, இடம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுது.

கட்டடங்களுக்கும் இதுவே பொருந்தும். நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டடங்களின் வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை ஒட்டும் முறையை 1989-இல் கலிபோர்னியாவில் வெளியான ஒரு கையேடு வகுத்தது. பிற நாடுகளும் அதைப் பின்பற்றின. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு அருகே 2010 செப்டம்பர் 4 அன்று நிலம் நடுங்கிய பிறகு, நகரில் இருந்த சிடிவி என்ற ஆறு மாடிக் கட்டடத்துக்குப் பச்சை அட்டை கிடைத்தது. விரைவுப் பார்வையில் கண்ணுக்குத் தெரிந்த சேதம் பெரிதாக இல்லை என்பதே அந்த அட்டையின் பொருள். உள்ளே வேலை பார்த்தவர்களும் வந்துபோனவர்களும் அதைப் பாதுகாப்புக்கு உறுதி என்று எடுத்துக்கொண்டார்கள். 2011 பிப்ரவரி 22 அன்று வந்த இன்னொரு நடுக்கத்தில் அந்தக் கட்டடம் சரிந்து 115 பேர் இறந்தார்கள். வடிவமைப்பிலேயே கடுமையான குறைகள் இருந்தன என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது. அந்நாட்டில் இப்போது பச்சை அட்டை இல்லை, அதன் இடத்தில் வெள்ளை அட்டைதான். பச்சையைப் பார்ப்பவர் மனம் ஆபத்தில்லை என்று தானாகவே முடிவு செய்துவிடுகிறது என்பதை அத்தனை உயிர்களைக் கொடுத்த பிறகே புரிந்துகொண்டார்கள்.

நீ போகும் இடங்களில் மக்கள் உன் பக்கத்திலேயே நின்று உன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே இன்றிரவு படுக்கலாமா என்று கேட்பார்கள். ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட மனம் துடிக்கும், எனக்கும் துடித்திருக்கிறது. எதைப் பார்த்தாய், எதைப் பார்க்கவில்லை, யார் எப்போது மறுபடி வருவார்கள் என்பதைப் பொறுமையாகச் சொல். வரும் நாள் உனக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல். வீட்டுக்குள் போகக் கூடாது என்று எழுத நேர்ந்தால், அதை அந்த வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லாமல் அட்டையை ஒட்டிவிட்டு வந்துவிடாதே.

விரிசல்களைப் பற்றி நீ கேட்டிருந்தாய். பூச்சில் மட்டும் ஓடும் மெல்லிய கோட்டைக் கண்டு பதறாதே, ஆனால் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்காமல் அது பூச்சில் மட்டும்தான் என்று முடிவு செய்யாதே. தூணில் சாய்வாக ஓடும் விரிசலும், உத்திரமும் தூணும் சேரும் இடத்தில் வரும் விரிசலும் நான் எப்போதும் அஞ்சுபவை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டு அருகில் தேதியை எழுதி வை. அடுத்த முறை வருபவர், அது நீயோ வேறு ஒருவரோ, அது நீண்டிருக்கிறதா என்பதை ஒரு நொடியில் அறிந்துகொள்வார். உள்ளே அழுக்கும் பாசியும் பழைய சுண்ணாம்பும் படிந்திருந்தால் அது இந்த வெள்ளத்துக்கு முந்தையது. புதிய விரிசலின் ஓரங்கள் கூராகவும் சுத்தமாகவும் இருக்கும். பழையதையும் வெள்ளத்தின் கணக்கில் சேர்த்து எழுதிவிடு என்று யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் ஒரு பொய்யான பதிவு பிடிபட்டால் அந்தப் பகுதியின் உண்மையான பதிவுகள் அனைத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், நிவாரணம் எல்லாருக்கும் தாமதமாகும். பழுது பழையது என்றும், அதைச் சரிசெய்ய வேண்டியது அவசரம் என்றும் சேர்த்தே எழுது.

சாலைகளை முதல் நாட்களிலேயே படம் எடுத்துவிடு. மேற்பரப்பு காய்ந்த பிறகும் அடித்தளம் பல நாள் நீரில் ஊறியிருக்கும். நிவாரண லாரிகள் ஓடத் தொடங்கியதும் அது நொறுங்கும், பிறகு எது எதனால் ஆனது என்று பிரிக்க முடியாது.

சேதம் வேறு, இழப்பு வேறு என்பதையும் மறந்துவிடாதே. 1970களின் தொடக்கத்திலிருந்து லத்தீன் அமெரிக்காவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையம் வளர்த்தெடுத்த முறையில் இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். ஒரு நீரேற்று நிலையத்தில் மின்பலகை நனைந்து கெட்டிருந்தால் சேதம் அந்தப் பலகை ஒன்றுதான். அது சரியாகும்வரை ஓர் ஊருக்கே லாரியில் தண்ணீர் கொண்டுபோகும் செலவு இழப்பு, அது பலகையின் விலையைவிடப் பல மடங்கு ஆகலாம். எந்த நிலையத்தை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுப்பவருக்கு அந்த இரண்டாவது கணக்குதான் வேண்டும். அங்கே வேலை செய்யும் ஆபரேட்டரைக் கேட்டால் எத்தனை தெருக்களுக்கு அங்கிருந்து தண்ணீர் போகிறது என்று சொல்லிவிடுவார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொதியும் வரும். உள்ளே முறுக்கி இணைக்கக்கூடிய மூன்று துண்டுகளாக ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. அந்தப் பாலம் விழுந்த அடுத்த மாதம் பட்டறையில் சொல்லிச் செய்தது. அதன் பிறகு அது இல்லாமல் எந்தப் பாலத்துக்கும் நான் போனதில்லை. அரை மீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், மூன்றாவது கோடு மங்கிவிட்டது, நீ புதிதாகப் பூசிக்கொள். தூணின் அருகே, நீரோட்டம் வரும் பக்கத்தில், கரையில் ஒருவர் உன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருக்கும்போது மட்டும் அதை ஊன்றிப் பார். கை அழுத்தத்திலேயே எத்தனை கோடு இறங்குகிறது என்பதைப் படிவத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா