அம்மாவைப் பற்றி, அந்த மாநாட்டைப் பற்றி

அன்புள்ள மாப்ளே,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் கார் ஓட்டப் பழகுகிறான், அவனுக்காகவும் எதிரில் வருகிறவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. தங்கச்சி அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. நலம் விசாரிப்பு இவ்வளவு போதும். போனில் பேசினால் நடுவிலேயே பேச்சைக் கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிடுவாய், நெட்டையன் கல்யாணத்திலிருந்தே உன் வழக்கம் அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதும் படி.

நேற்றுதான் டல்லாஸிலிருந்து திரும்பினேன். நீ 'பழமைவாதத் திருவிழா' என்று கேலி செய்வாயே, விசுவாசமும் கலாச்சாரமும் நாட்டு நடப்பும் பற்றிய அந்த மாநாடுதான். போகிற வழியெல்லாம் என் மனசு அதில் இல்லை. போன வாரம் அம்மாவைப் பற்றி நீ சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் கொடுத்த காகிதக் கட்டுக்குள், சாகும் நிலையில் இருப்பவர்கள் உயிரை முடித்துக்கொள்ள மருந்து கேட்டு வாங்கலாம் என்கிற கலிஃபோர்னியாச் சட்டத்தைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது, அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்கள், படித்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் எவ்வளவு பாரமா இருக்கேன்ல" என்றார்கள் என்றாய். உடனே, "சரி அத விடு, பையன் எப்படி இருக்கான்" என்று தாண்டிப் போய்விட்டாய். நான் தாண்டவில்லை மாப்ளே.

முதலில் உன் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆமாம், அரசியல் இருந்தது, நிறையவே இருந்தது. முதல் மாலை முழுக்க நீதிமன்றங்களும் தீர்ப்புகளும்தான். கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய ரோ தீர்ப்பு 1973-இல் வந்தது, டாப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 2022-இல் ரத்து செய்தது என்று மேடையில் சொன்னபோது அரங்கமே எழுந்து நின்றது. நானும் எழுந்து மனமாரக் கைதட்டினேன். கருவில் இருக்கும் பிள்ளையும் ஓர் ஆள் என்று நம்புகிறவன் நான். வாலிபர் கூட்டத்து நாட்களிலிருந்து நீ விடிய விடிய வாதாடியும் அதில் நான் அசைந்ததில்லை.

ஆனால் அடுத்து வந்தவர் கைதட்டலைக் கேட்டு மயங்குகிற ஆளில்லை. டாப்ஸ் தீர்ப்பு வந்து ஆறு வாரம்கூட முடியவில்லை, கருக்கலைப்பு உரிமை மாநில அரசியல் சட்டத்தில் இல்லை என்று திருத்தலாமா என்று கான்சஸில் மக்களைக் கேட்டார்கள். பழமைவாதிகளின் கோட்டையான கான்சஸ், மாப்ளே! அங்கேயே சுமார் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். "தீர்ப்பு நம் கைக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் நம்மை ஏன் நம்பவில்லை?" என்று கேட்டார் அவர். அரங்கம் கப்சிப். அந்தக் கேள்விக்கு அவரே முழுப் பதில் சொல்லவில்லை. எனக்கு ஒரு பதில் மறுநாள் வேறொரு அறையில் கிடைத்தது, அதற்கு வருகிறேன்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஜெபத்தின் நடுவே ஒரு வேட்பாளரின் வெற்றிக்காகக் கர்த்தரிடம் கேட்டார். நான் ஆமென் சொல்லவில்லை. சபையையும் அரசையும் பிரிக்கும் சுவர் என்றாலே நம் ஆட்களில் பலருக்கு எரிச்சல் வருகிறது. அதிபர் ஜெஃபர்சன் 1802-இல் அதை எழுதியது யாருக்கு? டான்பரி பகுதியின் பாப்டிஸ்ட் சபையாருக்கு. அவர்கள் மாநிலமான கனெக்டிகட்டில் அரசின் ஆதரவு பெற்ற சபை வேறொன்றாக இருந்தது, இவர்கள் சிறுபான்மை. தங்கள் விசுவாச சுதந்தரம் அரசு போடுகிற பிச்சையாகிவிடக் கூடாதே என்று பயந்து அவருக்கு எழுதினார்கள். அந்தச் சுவரின் நிழலில் வளர்ந்தவர்கள் நாம். இன்று ஆட்சி கைக்குள் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்பதற்காக அதை இடிக்கப் போனால், நாளைக்கு நம் தலையில்தான் விழும். இதை மதிய உணவு வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு பாஸ்டரிடமும் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் தட்டு காலியாகும்வரை என்னோடு உட்கார்ந்து பேசினார்.

பிள்ளைகளும் போனும் பற்றி ஒரு அமர்வு நன்றாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று 2024-இல் சட்டம் போட்டார்களே, அதில் ஆரம்பித்து வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை வந்தார்கள். உன் மகளுக்குப் போன் வாங்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் மதியம், முதியோரும் மரணமும் பற்றி ஒரு சின்ன அறையில் அமர்வு. பெரிய அரங்கில் அதே நேரம் தேர்தல் பற்றிய விவாதம், கூட்டமெல்லாம் அங்கே. இங்கே பாதி நாற்காலி காலி. பேசியவர் ஒரு ஹாஸ்பிஸ் நர்ஸ், அதாவது சாகும் நிலையில் இருப்பவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற பணியில் இருப்பவர், தலை முழுக்க நரைத்தவர், மைக்கைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஓரிகனில் 1994-இல் மக்கள் வாக்களித்து, 1997-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலிருந்து தொடங்கினார். ஆறு மாதத்துக்குள் மரணம் என்று மருத்துவர்கள் கணித்தவர்கள் உயிரை முடித்துக்கொள்ள மருந்து கேட்டு வாங்கலாம். பிறகு வாஷிங்டன், பிறகு மற்ற மாநிலங்கள். உங்கள் கலிஃபோர்னியாவில் 2016-இல் வந்தது. அங்கே முதலில் இரண்டு வாய்மொழிக் கோரிக்கைகளுக்கு நடுவே 15 நாள் இடைவெளி வேண்டும் என்றார்கள், 2022 முதல் அது 48 மணி நேரம். கனடாவில் 2016-இல் சட்டமானது, 2021-இல் மரணம் நெருங்காதவர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். 2023-இல் மட்டும் அங்கே அப்படி இறந்தவர்கள் 15,343 பேர், அந்த ஆண்டு மொத்த மரணங்களில் ஏறத்தாழ 4.7 சதவீதம்.

எண்களைவிட என்னை உலுக்கியது அடுத்து அவர் சொன்னதுதான். மருந்து கேட்டவர்களின் காரணங்களை ஓரிகன் ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிடுகிறது. நீயும் நானும் வலிதான் முதல் காரணம் என்று நினைப்போம். இல்லை. சுயமாக இயங்க முடியவில்லை, வாழ்க்கையில் ரசித்ததைச் செய்ய முடியவில்லை, மரியாதை போய்விட்டது என்பவைதான் மேலே இருக்கின்றன. குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவோம் என்ற பயமும் வலிக்கு முன்னால் வந்து நிற்கிறது. "இவ்வளவு வருஷத்தில் 'வலிக்கிறது' என்பதைவிட 'பாரமாயிட்டேன்' என்பதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்" என்றார் அந்த நர்ஸ். அம்மாவின் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. எனக்கு அதற்குமேல் குறிப்பெடுக்க முடியவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "அது அவரவர் உரிமை, உன் வேதத்தை என் அம்மா மேல் திணிக்காதே" என்பாய். வலியில் துடிக்கிறவர் தலைமாட்டில் நின்று வசனம் சொல்லிவிட்டு நழுவுகிறவன் நான் இல்லை, அது உனக்கே தெரியும். வென்டிலேட்டர் வேண்டாம், இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். நோய் அதன் வழியில் போகட்டும் என்று விடுவது வேறு. சாவுக்கென்றே மருந்து எழுதிக் கொடுப்பது வேறு. சட்டத்தில் அப்படி ஒரு கதவு இருந்தால், படுக்கையில் கிடக்கிற ஒவ்வொருவரும் 'நான் இன்னும் ஏன் இருக்கிறேன்' என்று தனக்குத்தானே கணக்கு ஒப்பிக்க வேண்டியதாகிறது. அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் காகிதக் கட்டுக்குள் இருந்தது, அவ்வளவுதான். அதற்கே அவர்கள் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசிவிட்டார்கள் பார்த்தாயா? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த நர்ஸ் சிசிலி சாண்டர்ஸ் கதையைச் சொன்னார். லண்டனில் நர்ஸாக இருந்து, முதுகு வலியால் அதை விட்டு, மருத்துவமனை சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்தவர். ஆழ்ந்த விசுவாசி. 1948-இல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர் ஒருவர் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அவருக்கு நாதி கிடையாது. சாண்டர்ஸ் அவரோடு உட்கார்ந்து பேசுவார், இப்படிச் சாகிறவர்களுக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். டாஸ்மா சாகும்போது 500 பவுண்டை விட்டுப் போனார், உன் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. சாண்டர்ஸ் அந்த ஜன்னலைச் சுற்றி வீடு கட்ட 1967 ஆயிற்று. அதுதான் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், இன்று உலகம் முழுக்க நடக்கிற ஹாஸ்பிஸ் பணிக்கு முன்னோடி. மார்பின் எப்படிக் கொடுத்தால் வலி திரும்பி வருவதற்கு முன்பே அடங்கும் என்று நோட்டுப் போட்டு ஆராய்ந்தார். உடம்பு, மனசு, குடும்பம், ஆத்துமா எல்லாம் சேர்ந்துதான் ஒருவருக்கு வலிக்கிறது என்று மருத்துவ உலகத்துக்குச் சொன்னவரும் அவர். கருணைக் கொலையைக் கடைசிவரை எதிர்த்தார். எதிர்க்க அவருக்கு யோக்கியதை இருந்தது, ஏனென்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கான்சஸ் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். நம் ஆட்கள் சட்டசபையில் 'கூடாது' என்று சொல்கிறோம், நானும் சொல்கிறேன், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அப்படிச் சொல்கிற சபையில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் வீட்டுக்கு இந்த வாரம் யார் போனார்கள் என்று மூப்பர்களுக்குத் தெரியுமா? இரவு விழித்திருக்கும் மகளை யார் தூங்க அனுப்புகிறார்கள்? நிறைவுக் கூட்டத்தில் கேள்வி நேரம் வந்தபோது எழுந்து இதைக் கேட்டேன். மேடையில் இருந்தவர் நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு மறுபடி சட்டத்துக்கே போய்விட்டார். எனக்கு வருத்தம்தான். சிலுவையில் தொங்கிக்கொண்டு, மூச்சுக்குத் திணறுகிற நேரத்தில் ஆண்டவர் தாயைச் சீஷனுக்குக் காட்டி 'அதோ, உன் தாய்' என்றாரே, அந்த மணியிலிருந்து அவன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனானே. அதை வைத்து ஒரு அமர்வு நடத்தியிருக்கலாம், அதுவும் பெரிய அரங்கில்.

சரி, இப்போது உனக்கு. கோபப்படாமல் கேள்.

அம்மாவுக்கு மெடிகேர், அதுதான் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, இருக்கிறது என்றாய். ஹாஸ்பிஸ் பற்றி மருத்துவரிடம் நீயாகக் கேள். ஹாஸ்பிஸ் என்றதும் "அப்போ முடிஞ்சுதா" என்று பயப்படாதே. நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதம் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆனால் அதற்கு மேலும் இருந்தால் மறுபடி பார்த்துச் சான்று புதுப்பிப்பார்கள். ஜிம்மி கார்டர் 2023 பிப்ரவரியில் ஹாஸ்பிஸுக்குப் போனார், 2024 டிசம்பர் 29 வரை இருந்தார், நூறு வயது. அவர் அரசியல் எனக்கு ஒத்துவராது, ஆனால் அந்தக் கடைசி மாதங்களில் அவர் வீட்டார் செய்தது பெரிய சாட்சி. நர்ஸ் வீட்டுக்கு வருவார், குளிப்பாட்டிவிட ஆள் வரும், மருந்தும் கட்டிலும் வரும், ஜெபிக்க சாப்ளின் என்கிற ஊழியர் வருவார். தங்கச்சிக்கு ஓய்வு வேண்டுமென்றால் அம்மாவை ஒரு தடவைக்கு ஐந்து நாள்வரை வெளியே ஒரு இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அம்மாவின் இதயம் எவ்வளவு பலவீனம் என்று மருத்துவர் நேராகச் சொல்லட்டும், நீயும் நேராகக் கேள்.

இன்னொன்று. அம்மாவிடம் வேலை கொடு. நம் ஜெபக்கூட்டத்துப் பாட்டெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? உன் மகள் ஒன்றுகூட முழுதாகப் பாடுவதில்லை என்று நீயே புலம்புகிறாய். படுக்கையில் இருந்தபடியே சொல்லிக்கொடுக்கட்டும், மூச்சு வாங்கினால் நிறுத்தட்டும். 'பாரமில்லம்மா' என்று நாம் ஆயிரம் தடவை சொன்னாலும் அவர்கள் நம்ப மாட்டார்கள், அவர்கள் இல்லாமல் ஒன்று நடக்காது என்று கண்ணால் பார்க்க வேண்டும். சங்கீதம் 71-ஐ அவர்களுக்கு வாசித்துக் காட்டு. 'முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்' என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் கதறியிருக்கிறார். இது அம்மாவுக்கு மட்டும் வந்த பயம் இல்லை என்று தெரியட்டும்.

உன்னிடம் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் இரண்டாவது வாரம், நான் மட்டும் வருகிறேன். இரவு அம்மா பக்கத்தில் நான் இருப்பேன். நீயும் தங்கச்சியும் எங்காவது போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வாருங்கள். உங்கள் சபை பாஸ்டரின் நம்பரை அனுப்பு, வீடு வீடாகப் போய் முறை வைத்து உட்காருவது பற்றி அவரிடம் பேச வேண்டும். இங்கே எங்கள் சபையில் அந்தப் பட்டியலைப் போட ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உட்காருகிறோம், பெரியவனும் பெயர் கொடுத்திருக்கிறான்.

சனிக்கிழமை மாலை கூப்பிடுவேன். போனை முதலில் அம்மாவிடம் கொடு.

அன்புடன்,
உன் மாப்ளே