பிரேக் பம்பின் இரைச்சலை எண்ணிப் பார், மச்சான்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. மகளுக்குத் திருக்கோவிலிலேயே படிப்பிக்கக் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோசம். சாகாமக் குளத்துத் தண்ணி இந்தச் சிறுபோகத்துக்குக் காணும் என்று எழுதியிருந்தாய். அதுவும் மனதுக்கு ஆறுதல். முழங்கால் நோவை மட்டும் எண்ணெய் பூசிப் பூசி நாளைக் கடத்தாதே, ஒருக்கால் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்.

நான் அவசரமாகப் பேனையை எடுத்தது உன் கடிதத்தின் கடைசி வரியால்தான். ‘ஜீப்பில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னுக்குள் தேனீ இரைவது போல ஒரு சத்தம், பேரனுக்கு அது நல்ல விளையாட்டு’ என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியில் ஆடி உற்சவத்துக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கதிர்காமம் போகப் போவதாகவும் சொல்லியிருந்தாய். இந்த இரண்டு வரியையும் சேர்த்து வாசித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன மாதம் எனக்கு நடந்ததை நீ முழுக்க அறிய வேண்டும்.

பதுளையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பசறை, லுணுகலை வளைவுகளெல்லாம் இறங்கி, பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடிச் சந்திக்கு வரும்வரை ஒரு குறையும் இல்லை. ஏறாவூர் கடந்து, நகரம் கடந்து, கல்லடிப் பாலத்தால் எங்கள் பக்கம் இறங்கும்போது ‘கீ’ என்று ஒரே சத்தம். சிவப்பு பிரேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் ஒன்றாக எரிந்தன. முதல் இரண்டு மிதிக்கும் வாகனம் கேட்டது. மூன்றாவது மிதியில் பெடல் கருங்கல்லாகிவிட்டது. இரண்டு காலாலும் ஏறி நின்றது போல அமத்தி, கியரைக் குறைத்து, கைபிரேக்கையும் மெல்ல மெல்ல இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன். பின் சீட்டில் பேத்தி நித்திரை. அரை மணித்தியாலம் நான் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவில்லை. இதே சங்கதி லுணுகலை இறக்கத்தில் நடந்திருந்தால் என்ற நினைப்பு இப்போதும் இரவில் வந்து எழுப்புகிறது.

அங்கிருந்து வீடு கொஞ்சத் தூரம்தான். ஆனாலும் ஓட்டவில்லை, கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தேன். சாதாரணக் கார்களில் பிரேக்குக்கு உதவி செய்வது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம். உன்னுடையதையும் என்னுடையதையும் போன்ற வாகனங்களில் அந்த வேலையை ஒரு மின் மோட்டர் பம்ப் செய்கிறது. அது பிரேக் ஒயிலை அமத்தி ஒரு குண்டுக்குள் சேர்த்து வைக்கும். கராஜில் அக்கியூமுலேற்றர் என்பார்கள். உள்ளே ஒரு பக்கம் நைதரசன் வாயு, மறுபக்கம் ஒயில். நாம் மிதிக்கும்போது அந்தச் சேமிப்பிலிருந்துதான் பலம் வருகிறது. நம்முடைய வகையில் பின் சில்லுகளுக்குப் போகும் அமுக்கமே அங்கிருந்துதான். பம்ப் நின்றால் மிஞ்சுவது முன் சில்லுகளும் உன் கால் பலமும் மட்டும். எனக்கு அந்த இரண்டு மிதி கிடைத்ததும் குண்டுக்குள் மிச்சமிருந்த ஒயிலால்தான்.

அடுத்த நாள் தெரிந்த கராஜ் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். பம்ப் மோட்டரில் பிழை என்று வந்தது. “முழு யூனிட்டையும் மாத்தத்தான் வேணும் ஐயா, கொழும்பு பஞ்சிகாவத்தையில பழசு எடுக்கலாம்” என்றார். சொன்ன விலை லட்சக்கணக்கில். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல் திறந்த பிறகும் வரியால் புதிதை நெருங்க முடியாமல் இருக்கிறோம். பழசைத்தான் கட்டிக் காக்கிறோம். அதற்காக யாரோ கழற்றி வைத்த, எத்தனை வருசம் ஓடியதென்று தெரியாத பிரேக் யூனிட்டை வாங்கிப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேனர் மோட்டர் ஓடவில்லை என்று சொல்லுமே தவிர, ஏன் ஓடவில்லை என்று சொல்லாது. அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் நமக்கு முதலில் படிப்பித்ததே அதுதானே, கரன்ட் எங்கே வரை வருகிறதென்று பின்தொடர்ந்து போ என்று.

போனேன். பியூஸ் நல்லது. பம்புக்குக் கரன்ட் விடும் றிலேக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த அதே மாதிரி ஒன்றை மாற்றிப் பூட்டினேன், மாற்றமில்லை. சாவியைப் போட்டால் வழமையாக வரும் இரைச்சல் இல்லை. மோட்டர் வயரில் மீற்றரை வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இந்த இடத்தில் பலபேர் ஏமாறுவார்கள், மச்சான். கடற்கரை உப்புக் காற்றில் பச்சை பிடித்து ஒரே ஒரு நூல் மிஞ்சிய வயரும் மீற்றருக்கு 12 காட்டும். மீற்றர் இழுக்கும் கரன்ட் ஒன்றுமேயில்லை. அதனால் ஒரு பழைய ஹெட்லைற் பல்பை அந்த வயருக்கும் மோட்டரின் எர்த்துக்கும் இடையில் பிடித்தேன். 55 வாட் பல்ப் நாலரை அம்பியர் அளவில் இழுக்கும். பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் வயரும் எர்த்தும் சுகம். மங்கலாக எரிந்திருந்தால் மோட்டரைத் தொடாமல் வயரின் பின்னால் போயிருப்பேன்.

பிறகு ரெஸ்டரின் பிடியால் மோட்டரின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன். இரைந்துகொண்டு எழும்பியது! நாலு செக்கன் ஓடி மறுபடி செத்தது. தட்டினால் எழும்புகிற மோட்டருக்கு, உள்ளே சுழலும் செப்பு உருளைக்குக் கரன்ட் கொடுக்கும் காபன் பிரஷ்தான் வருத்தம்.

கழற்றுமுன் செய்ய வேண்டிய ஒன்றை மறக்காதே. அந்தக் குண்டுக்குள் இருப்பது வளியமுக்கத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல். அதோடு ஒரு குழாயைத் தளர்த்தினால் ஒயில் கத்தி போலப் பாயும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். சாவியை எடுத்துவிட்டு, பெடலை நன்றாக 40 தடவை மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் பெடல் இறுகும், பிரேக் ஒயில் போத்தலில் மட்டம் மேலே ஏறும். குண்டு வெறுமையானதற்கு அடையாளம் அது. பற்றரியின் நெகற்றிவ் வயரை அதற்குப் பிறகுதான் கழற்றினேன்.

மோட்டருக்குள் கரித்தூள் அப்பியிருந்தது. ஒரு பிரஷ் தேய்ந்து பாதியாகி, தன் கூட்டுக்குள்ளேயே இறுகி நின்றது. ஸ்பிரிங் தள்ளினாலும் செப்பு உருளையைத் தொடவில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் கியூஆர் கோட்டோடு அலைந்த நாளில், மாதக்கணக்காக மாமரத்தடியில் நின்ற வாகனம் இது. அந்த ஈரமும் தன் பங்கைச் செய்திருக்கும்.

பிரஷ் தேடி நான் பட்ட பாடு வேறு. ஹாட்வெயர் கடையில் துரப்பண மெசினுக்குரிய பிரஷ்ஷை “இதை அராவிப் போடுங்க” என்று தந்தார்கள். வேண்டாமென்று கிறுகி வந்துவிட்டேன். 230 வோல்ட் மெசினின் பிரஷ் தனிக் காபன், தடை கூட. 12 வோல்ட் மோட்டருக்குச் செப்புத்தூள் கலந்த பிரஷ் வேண்டும், தேய்த்துப் பார்த்தால் செம்மஞ்சளாக மினுங்கும். கடைசியில் காத்தான்குடியில் மோட்டர் சுற்றிக் கொடுக்கும் வயதானவர் ஒருவர், ஸ்டார்ட்டர் மோட்டர் பிரஷ்ஷை அளந்து தேய்த்து, வால் வயரையும் பற்றவைத்துத் தந்தார். அந்த மனிதரின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. செப்பு உருளையை எமரித் தாளால் தொடக்கூடாது, அதன் தூள் இடுக்கில் தங்கிவிடும் என்று மெல்லிய மண்தாள்தான் போட்டார்.

பூட்டினேன். சாவியைப் போட்டதும் முப்பது செக்கன் அளவில் இரைந்து, தானே நின்றது. விளக்குகள் அணைந்தன. வீட்டில் பால் கூடப் பொங்கினார்கள். நான் மட்டும் வாகனத்துக்குள்ளேயே இருந்து மெல்ல ஒரு மிதி மிதித்தேன். உடனே பம்ப் இரைந்தது. இன்னொரு மிதி, இன்னொரு இரைச்சல்.

அப்போதுதான் விளங்கியது. குண்டுக்குள்ளிருந்த நைதரசன் மெல்ல மெல்லக் கசிந்து போயிருக்கிறது. சேர்த்து வைக்க இடமில்லாததால் ஒவ்வொரு மிதிக்கும் மோட்டர் ஓடியாக வேண்டும். வருசக்கணக்காக அப்படி ஓடி ஓடித்தான் பிரஷ் தேய்ந்தது. பிரஷ்ஷோடு விட்டிருந்தால் புதியதும் அதே வழியில் போயிருக்கும், அடுத்த தடவை எந்த இறக்கத்திலோ. புதுக் குண்டு ஒன்றைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்துப் பூட்டினேன். அதைத் திறந்து வாயு நிரப்பித் தருவதாக யாராவது சொன்னால் நம்பாதே. டொட் 3 ஒயிலையும் புதிதாக மாற்றி, காற்றெடுத்தோம். இப்போது நாலைந்து மிதிக்கு ஒருமுறைதான் பம்ப் இரைகிறது.

உன் ஜீப்பின் தேனீச் சத்தம் எனக்கு வருசக்கணக்காகக் கேட்ட சத்தம்தான். நானும் ‘இந்த வாகனத்தின் பழக்கம்’ என்று விட்டேன். மொனராகலைப் பக்கம் ஏறி இறங்கிப் பிள்ளைகளோடு போகுமுன் இதைச் செய். சாவியை எடுத்துவிட்டு 40 தடவை மிதி. பிறகு சாவியைப் போட்டு, இரைச்சல் எத்தனை செக்கனில் நிற்கிறதென்று எண்ணு. நின்ற பிறகு எத்தனை மிதிக்கு மறுபடி இரைகிறதென்று எண்ணு. இரண்டு எண்ணிக்கையையும் ஒரு துண்டில் எழுதி வை. அந்த நேரம் போத்தலில் ஒயில் ஏறி இறங்கும், குறைந்ததென்று நினைத்து ஊற்றிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கரைப்பற்று பஸ்ஸில் வருகிறேன். மீற்றர் என்னிடம் இருக்கிறது, நீ ஒரு பழைய ஹெட்லைற் பல்பு மட்டும் தேடி வை. அதுவரைக்கும் ஜீப்பை வெளியில் எடுக்காதே மச்சான், பேரனைப் பள்ளிக்கு ஆட்டோவில் அனுப்பு.

அன்புடன்,
உன் கல்லடிச் சினேகிதன்