அந்தச் செய்தியை நீ படித்துப் பார்த்தாயா, கண்ணு?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம்தானே? இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேச்சு வாக்கில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. நீ உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் நம் குடும்ப குரூப்பில் ஒரு செய்தி போட்டிருந்தாய். பிள்ளை பிடிக்கிற கும்பல் நம் பக்கம் இறங்கியிருக்கிறது, எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று ஓர் ஆளின் படம், கூடவே ஒரு குரல் பதிவு. அரை மணி நேரத்துக்குள் அது நம் தெரு முழுக்கப் போய்விட்டது. சாயங்காலம் பிளாஸ்டிக் குடம் விற்க வந்த ஒருவரை முத்தாலம்மன் கோயில் வாசலில் நாலைந்து பேர் நிறுத்தி வைத்துவிட்டார்கள். எந்த ஊரு, எதுக்கு வந்தே என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அவருக்குத் தமிழ் சரியாக வரவில்லை. நான் போய் அவருடைய ஆதார் அட்டையை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்துக் காட்டினேன். அப்புறம்தான் விட்டார்கள். வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். கை நடுங்கிப் பாதித் தண்ணீர் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன குடும்பம். கூட வந்த அறுபத்தைந்து வயது அம்மா வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்பே அந்தப் பக்கம் முழுக்க இதே மாதிரிச் செய்தி வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே கூடி அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் ஒருவர்கூட யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார்கள். உன்னை மாதிரி, பிள்ளை பெற்ற பயத்தில் அனுப்பியவர்கள்தான்.

யார் அனுப்பினது என்று உன்னைக் கேட்டேன். "ஆபீஸ்ல ஒருத்தி அனுப்பினா, சும்மா ஃபார்வர்டு பண்ணேன்மா" என்றாய். அந்தச் "சும்மா" என்னைத் தூங்க விடவில்லை.

என் கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதியைச் சொல்கிறேன். 1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பகலெல்லாம் குவாரியில் ஜல்லி உடைப்பேன். ராத்திரி சோறாக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்து வராந்தாவுக்குப் போவோம். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பதினெட்டுப் பெண்கள். சொல்லிக்கொடுத்தது பிளஸ் டூ முடித்த ஒரு பெண், சம்பளம் கிடையாது. நீ என் மடியில் கிடந்து சிலேட்டை நக்குவாய். சுத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலில் பலப்பம் நிற்காது, வழுக்கும்.

குவாரியில் ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கு நோட்டில் கைநாட்டு வைப்போம். அட்வான்ஸ் வாங்கிய பாக்கியைக் கணக்குப் பார்ப்பவர் வாயால் சொல்வார், நாங்கள் பெருவிரலை உருட்டுவோம். எண்கள் பிடிபட்ட நாலாவது மாதம் அவர், "நூத்தி முப்பது பாக்கி, கை வைம்மா" என்றார். நோட்டில் 310 என்று இருந்தது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்று, ஒன்று, சுழி. மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கொடுங்கள் என்று கேட்டேன். அந்த ஆளின் முகம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எத்தனை சனிக்கிழமை அப்படி உருட்டியிருப்பேன் என்று நினைத்து அன்றைக்கு ராத்திரி அழுதேன்.

அப்போதுதான் சைக்கிளும் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளியோடு சைக்கிளையும் சேர்த்தார். மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் பழகினோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த வண்டியிலேயே சேலையைச் செருகிக்கொண்டு ஏறினோம். என் முட்டியில் இருக்கிற தழும்பு அதில் விழுந்ததுதான்.

உன்னை என்ஜினியர் ஆக்கிய அன்று, இனி என் மகளை யாரும் பெருவிரல் உருட்ட வைக்க முடியாது என்று நினைத்தேன் கண்ணு. நீ யாரோ சொன்னதைப் படித்தும் பார்க்காமல் அதே பெருவிரலால் தள்ளிவிட்டிருக்கிறாய். எனக்கு அன்றைக்கு எழுத்துத் தெரியாது. உனக்கு என்ன குறை?

சரி, அந்தப் படத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? நூலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பையன் ஒருவன், படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடக் கற்றுக்கொடுத்தான். முதல் தடவை அவன் செய்தான், இரண்டாம் தடவை நானே செய்தேன். அதே படம் நாலு வருடத்துக்கு முன்னால் வடக்கே வேறொரு மாநிலத்தில் வேறு கதையோடு சுற்றியிருக்கிறது. கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அறுபது வயதில் எனக்கு முடிகிறது.

அந்த நூலகம்கூட இனாமாக வந்தது இல்லை. வீட்டு வரி ரசீதை ஒரு தடவை முழுசாகப் படித்தபோதுதான் பார்த்தேன், வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. 1948-லேயே சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் காசில் நடக்கிற இடம் என்று தெரிந்த பிறகு நான் வாரம் இரண்டு நாள் போகிறேன்.

தெருவிளக்கு சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். நம் ஊருக்கு விளக்கு வாங்கிய கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பினால் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். எனக்கு வரவில்லை. மேல்முறையீடு எழுதினேன். அதற்கப்புறம் நாலு தாள் வந்தது. 42 விளக்கு என்று போட்டிருந்தது. ராத்திரி டார்ச்சோடு காலனி, மேலத்தெரு, கண்மாய்க்கரை என்று நடந்து எண்ணினேன். கம்பத்துக்குக் கம்பம் நின்று நோட்டில் கோடு போட்டேன், நாய்கள் குரைத்துக்கொண்டே கூட வந்தன. மொத்தம் 29. அக்டோபர் 2 கிராம சபையில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றபோது கால் வெடவெடத்தது. சண்டை போடவில்லை, இரண்டு எண்களையும் வாசித்தேன், அவ்வளவுதான். அடுத்த மாதம் ஏழு விளக்கு வந்தது. மீதி ஆறுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கு அரசியல் பிடிக்காதும்மா" என்று நீ சொல்வாய். பிடிக்க வேண்டாம். உன் தெருவில் தண்ணீர் ஏன் மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்றாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? சென்னையில் 2022-லிருந்து வார்டுக்குள், இங்கே கிராம சபை மாதிரி, பகுதி சபை கூட்டுகிறார்கள். உன் பகுதி சபை எங்கே கூடுகிறது, கவுன்சிலர் யார் என்று கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியுமா? நாலு வீடு மாறியிருக்கிறாய், ஓட்டு இன்னும் பழைய முகவரியிலேயே கிடக்கிறது. படிவம் 8 நிரப்பினால் மாற்றித் தருவார்கள், போனிலேயே செய்யலாம். பத்தாவது வரைக்கும் உன் நோட்டைத் தினமும் வாங்கிப் பார்த்தேன். இப்போது பார்க்க வாத்தியாரும் இல்லை, அம்மாவும் பக்கத்தில் இல்லை. இனிமேல் படிக்கிறது உன் கையில்தான் இருக்கிறது. உன்னைப் பார்த்துத்தான் பாப்பா போனைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறாள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே தங்கம். அந்தக் குடம் விற்பவர் எழுந்து போகும்போது ஒரு சின்னச் சொம்பை எடுத்துத் திண்ணையில் வைத்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பச்சை நிறம். பாப்பாவுக்கு வைத்திருக்கிறேன், லீவுக்கு வரும்போது கொடுக்கிறேன்.

இதைப் படித்து முடித்ததும் குரூப்பில், நான் போன வாரம் போட்டது பொய், நான் விசாரிக்காமல் போட்டுவிட்டேன் என்று உன் பெயரிலேயே எழுது. யாரிடமிருந்து வந்ததோ அந்தத் தோழிக்கும் சொல்லிவிடு. அப்புறம் எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா